புழுக்கள் விரதமிருந்த தோட்டம்

உலகத்தில் ஞானம் பிறந்த இடம் எது என்று கேட்டால் பெரியவர்கள் ஏதேதோ மலையையும் மரத்தடியையும் காட்டுவார்கள். பாவம், அவர்கள் சிங்கப்பூருக்கு வந்ததில்லை. வந்திருந்தால், செராங்கூன் ரோட்டிலிருந்து குதிரைப் பந்தயத் திடலுக்குப் போகும் சந்தில், தலைமைக் கிராணி விஸ்வலிங்கம் அவர்களின் வீட்டுக் கொல்லையில், நாலு கத்தரிப் பாத்திகளுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம் அங்கே கத்தரிக்காய் காய்த்தது உண்மைதான். ஆனால் அது இரண்டாம் பட்சம். முதலில் காய்த்தது தத்துவம்.

விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, சர்க்கார் கந்தோரில் பதினான்கு வருஷம் மை தொட்டு உயர்ந்தவர். தோட்ட வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சாயங்காலம் கந்தோரிலிருந்து வந்ததும் கோட்டைக் கழற்றி மாட்டுவார். பின்விறாந்தையில் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போடுவார். அதில் சாய்ந்துகொண்டு தோட்டத்தைப் பார்ப்பார். பார்த்ததை நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். இருட்டினதும் எழுந்து, "இண்டைக்குத் தோட்டத்திலை நல்ல வேலை" என்று முதுகை நெளிப்பார். கொத்துவது, தண்ணீர் ஊற்றுவது, எருமைத் தொழுவத்திலிருந்து சாணம் சுமந்து வருவது எல்லாம் 'சில்லறை வேலைகள்'. அவற்றை மனைவி குணவதி செய்தாள்.

சிரிக்காதீர்கள். அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் சைவ சீல ஜீவகாருண்ய விருத்திச் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது போயிருக்காது. பக்கத்து வீட்டுக் காதர் மைதீனின் குடைக்கடை மாடியில் கூடும் அந்தச் சங்கத்துக்கு அங்கத்தவர்கள் இருபத்திரண்டு பேர். அனைவரும் கிராணிகள் அல்லது ஓய்வுபெற்ற கிராணிகள். 'கத்தரியும் கர்மமும்' என்று விஸ்வலிங்கம் பேசியபோது சபை கண்ணைத் துடைத்துக்கொண்டது. 'பூசணியும் பொறுமையும்' இரண்டேகால் மணி நேரம் நடந்தது. பொறுமை என்றால் என்னவென்று அன்று எல்லோருக்கும் நன்றாக விளங்கியது. 'பாசார்க் கீரையும் ஆன்மாவின் அழுக்கும்' என்ற பேச்சுக்குப் பிறகு அவர் தம் வீட்டுக்குள் சந்தை மரக்கறி வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். சந்தைக்கு வரும் கீரைக்கு மனித எரு போடுகிறார்களாம். அதைத் தின்றால் சிவசிந்தனை கலங்குமாம்.

இந்த உத்தரவு குணவதியைத்தான் பிடித்தது. அவளுக்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தப் பிரசவத்துக்குப் பிறகு பத்தியக் கறி வைத்துக் கொடுக்கத் தாயும் பக்கத்தில் இல்லை, வைக்கக் காயும் இல்லை. வெறும் சோற்றையும் மிளகுத் தண்ணீரையும் விழுங்கி மூன்று மாதம் எழும்ப முடியாமல் கிடந்தாள். இந்த முறை வயிற்றில் தங்கியது தெரிந்த அன்றே அவள் விதை போட்டாள். பிஞ்சுக் கத்தரி, பயற்றங்காய், முளைக்கீரை, வேலியோரம் முருங்கைத் தடி. பிள்ளை பிறக்கிற நேரத்துக்கு எது பிஞ்சு விட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிப் போட்ட தோட்டம் அது. அவருக்கு அது ஞானம். அவளுக்கு அது சாப்பாடு.

கத்தரி இலை விரிந்ததும் புழு வந்தது. குணவதி புகையிலைத் தோட்டக்காரர் மகள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விடியற்காலையில் இலை இலையாகத் திருப்பிப் புழுப் பிடித்து வளர்ந்தவள். என்றாலும் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமே என்று வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, கத்தரியிலை புழு வைக்கத் துடங்கிட்டுது."

விஸ்வலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். "அதை ஏன் எனக்குச் சொல்லுறீர்? சொன்னால் நான் அறிஞ்சவனாயிடுவன். அறிஞ்சால் பிறகு அதுக்கொரு முடிவு எழுத வேணும்."

"அப்ப நான் பாக்கட்டோ?"

"நீர் என்னத்தைப் பாப்பீரெண்டும் எனக்குச் சொல்ல வேண்டாம்."

இதுதான் பதினான்கு வருஷ அனுபவம். மேசைக்கு வராத காகிதம் உலகத்தில் இல்லாததற்குச் சமம் என்பது கந்தோரின் முதல் பாடம். அன்று முதல் குணவதி விடியற்காலையில், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து இலைகளைத் திருப்பினாள். புழுக்கள் மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டைக்குள் போயின. கத்தரி தளதளவென்று நின்றது.

தளதளவென்று நின்ற கத்தரியைக் கதிரையிலிருந்து பார்த்த விஸ்வலிங்கத்துக்கு மெய்சிலிர்த்தது. சுற்றுப்புறத் தோட்டமெல்லாம் சல்லடையாகக் கிடக்க, இங்கே மட்டும் ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை! ஏன்? அவர் யோசித்தார். தாம் இன்றுவரை கையாலோ காலாலோ ஒரு புழுவையும் கொன்றதில்லை. கொல்ல நினைத்ததுமில்லை. அப்படியானால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும்.

அடுத்த ஞாயிறு மாடியில் அவர் எழுந்து நின்று இரு கையையும் உயர்த்தினார்.

"சபையோரே! என்ரை தோட்டத்திலை புழு இருக்குது. ஆனால் தின்னுதில்லை. ஏன் தின்னுதில்லை? நாங்கள் அதிலை வைச்ச கருணை அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. சபையோரே, அதுகள் விரதம் இருக்குதுகள்!"

சங்கத்தின் தலைவர் அம்பிகைபாகன், எழுபது வயதுப் பென்ஷன்காரர், எழுந்து நின்று கைகூப்பினார். காரியதரிசி பசுபதி அதே இடத்தில் தீர்மானம் எழுதினார்: 'தலைமைக் கிராணி விஸ்வலிங்கம் அவர்களின் தோட்டத்துப் புழுக்கள் அனுஷ்டித்து வரும் விரதத்தை இச்சங்கம் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறது.' ஏகமனதாக நிறைவேறியது. சொற்பொழிவுகளைப் புத்தகமாகப் போடுவது என்றும், தலைமைப் பதவியிலிருந்து விலக இருக்கும் அம்பிகைபாகனுக்குப் பிறகு யார் என்று இனி யோசிக்க வேண்டியதில்லை என்றும் பேச்சு அடிபட்டது. புத்தகத்தின் முன்னுரையில் சாட்சியம் எழுத வேண்டுமே! தலைவரும் காரியதரிசியும் நேரில் வந்து புழுக்களைத் தரிசிப்பதாக முடிவாயிற்று. விரதக்காரர்களைப் பார்க்க உகந்த வேளை விடியற்காலை என்று அம்பிகைபாகன் சொன்னார். எந்த நாள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை வெளுக்கிற நேரத்தில் இருவரும் ஈர வேட்டியும் விபூதியுமாகக் கொல்லைப்புறப் படலையைத் திறந்தார்கள். கத்தரிப் பாத்தியில் குணவதி குந்தியிருந்தாள். ஒரு கையில் சிரட்டை. மறுகையில், பச்சையாக, நெளிந்துகொண்டு, விரதக்காரர் ஒருவர்.

பசுபதி போட்ட கூச்சலில் விஸ்வலிங்கம் படுக்கையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். வந்து பார்த்தார். பசுபதி அதற்குள் ஒரு குச்சியால் சிரட்டையைக் கிளறி எண்ணிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொன்பது! ஐயோ, முப்பத்தொன்பது உயிர்! அதிலை எட்டுக்கு இன்னும் அசைவிருக்கு!"

"எடும், எடும்! அதுகளைக் கழுவி இலையிலை விடும்" என்று அம்பிகைபாகன் பதறினார். பசுபதி தம் சால்வை நுனியால் எட்டுப் பேரையும் ஒற்றி எடுத்து, ஆளுக்கொரு கொழுந்து இலை பார்த்து மரியாதையாக அமர்த்தினார்.

விஸ்வலிங்கம் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். புத்தகம் போயிற்று. தலைமைப் பதவி போயிற்று. ஆனால் பெரிய மனிதர்களைக் கடவுள் கைவிடுவதில்லை. கந்தோரின் இரண்டாவது பாடம் சரியான சமயத்தில் நினைவுக்கு வந்தது: பிழை எங்கே நடந்தாலும், அதைச் சுமத்தக் கீழே ஒருவர் இருப்பார். அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"குணவதி! என்ன பாதகம் இது! எத்தினை நாளா நடக்குது?"

"நீங்கள்தானே சொல்ல வேண்டாமெண்டு சொன்னியள்."

"நான் என்ன அறிவன்!" என்று அவர் தலையில் கைவைத்தார். அறியவில்லை என்பது சத்தியம். எவ்வளவு பாடுபட்டு அறியாமல் இருந்தார்!

பின்விறாந்தையில் அவசரக் கூட்டம் நடந்தது. சாய்மனைக் கதிரையில் அம்பிகைபாகன். குற்றவாளி தூணோரமாக நின்றாள். உட்காரச் சொல்ல விதி இல்லை. கர்ப்பிணி உயிர்க்கொலை செய்தது குற்றத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். கூட்டும் என்று முடிவாயிற்று. தண்டனையை விஸ்வலிங்கமே முன்மொழிந்தார். வீட்டுக்காரி என்றும் பாராமல் முன்மொழிந்தார்: தொண்ணூறு நாள் குணவதி அந்தத் தோட்டத்தில் கால் வைக்கக் கூடாது.

குணவதி தூணை விட்டு முன்னே வந்தாள். "தொண்ணூறு நாளோ? அதுக்குள்ளை பிள்ளை பிறந்திடுமே. பத்தியத்துக்கு எனக்கு என்ன இருக்கு? சந்தை மரக்கறியும் வேண்டாமெண்டிட்டியள். போன முறை நான் கிடந்த கிடை உங்களுக்குத் தெரியும்தானே?"

"அருள் பாத்துக்கொள்ளும்" என்றார் விஸ்வலிங்கம்.

"அருள் கறி வைக்குமோ?"

"பாத்தீரா, பேச்சிலைகூட இம்சை!" என்றார் பசுபதி. அம்பிகைபாகன் விஸ்வலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தப் பெண்சாதிக்கே தீர்ப்பு எழுதிய இப்படியொரு நீதிமான் கிடைத்த பிறகு வேறு தலைவரைத் தேடுவானேன்? அந்த விறாந்தையிலேயே அவர் சங்கத் தலைவரானார்.

புழுக்களுக்கும் செய்தி எட்டியது. நாலே நாளில் அவை விரதத்தை முடித்துக்கொண்டன. ஒன்பதாம் நாள் கத்தரியில் நரம்புதான் மிச்சம். பயற்றங்கொடி கயிறாகத் தொங்கியது. முளைக்கீரை இருந்த இடம் தெரியவில்லை. முருங்கைத் தடியில் கம்பளிப்பூச்சி மொய்த்தது. குணவதி அடுப்படி யன்னலால் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இலை போன ஒவ்வொரு செடிக்கும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கை துருதுருத்தது. ஆனால் உத்தரவு உத்தரவுதான்.

அடுத்த வீட்டு ஜரீனா, குடைக்கடைக் காதர் மைதீனின் மனைவி, மூங்கில் வேலிக்கு மேலாக இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை.

"என்னாங்க இது, புள்ளத்தாச்சி இப்படி ஜன்னலப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீங்க? சாப்டீங்களா?"

குணவதிக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னாள். ஜரீனா முழுவதையும் கேட்டாள். புழு விரதம் இருந்த கதையை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"உங்க தோட்டத்துலதானே கால் வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க? எங்க தோட்டத்துல வைக்கலாம்லா? நம்ம கத்தரியும் புழு அரிச்சுத்தான் கெடக்கு. எனக்கு அதத் தொட்டாலே உடம்பு கூசும். நீங்க வந்து புடிங்க. காய் ரெண்டு வீட்டுக்கும்."

கிராணியின் பெண்சாதி அல்லவா, உத்தரவின் வாசகத்தை மனத்துக்குள் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். ஜரீனா சொன்னது சரிதான். வேலியில் ஒரு மூங்கிலை இளக்கி வழி செய்தார்கள். மறுநாள் விடியலிலிருந்து குணவதி அந்தப் பக்கம் குந்தினாள். பதினொரு நாளில் ஜரீனாவின் கத்தரி தலைநிமிர்ந்தது. பன்னிரண்டாம் நாள் குணவதிக்கு இடுப்பு வலி கண்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

அன்றிலிருந்து காலைதோறும் வேலிக்கு மேலால் ஒரு சுளகு வந்தது. பிஞ்சுக் கத்தரி, முருங்கைப் பிஞ்சு, ஒரு பிடி கீரை. பசுபதியின் மனைவி கமலாம்பிகை, புருஷனிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வந்து, மருந்துச் சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்தாள். கறி வாசனை விறாந்தைவரை வந்தது. தலைவர் விஸ்வலிங்கம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். காய் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அறிந்தவராகிவிடுவாரே! சாப்பிட்டு முடித்துக் கதிரையில் சாய்ந்து, மொட்டைத் தோட்டத்தைப் பார்த்து, 'நிலையாமை: ஒரு தோட்டக்காரனின் அநுபூதி' என்ற சொற்பொழிவை எழுதினார்.

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்தது. சங்கத்தின் வருஷக் கூட்டத்தைத் தலைவர் தம் வீட்டு விறாந்தையிலேயே வைத்தார். இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். முதல் காரியமாக, இலை தீர்ந்துபோனதால் பட்டினியில் மாண்ட புழுக்களுக்கு அனுதாபத் தீர்மானம். எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்தார்கள். அம்பிகைபாகன், "பசி பொல்லாதது" என்று கண் கலங்கினார். இரண்டாவது காரியம் சற்றுச் சிக்கலானது. அடுத்த மாதம் சங்கத்தின் வருஷ விருந்து. தலைவரின் தோட்டத்துக் காயில்தான் சமைப்பது என்று எப்போதோ பதிவாகிவிட்டது. தோட்டத்திலோ ஈர்க்குத்தான் நின்றது. புழுவைக் கொல்லாமல் கத்தரி வராது என்பது இப்போது எல்லோருக்கும், வாய்விட்டுச் சொல்லாமல், தெரிந்திருந்தது. நாலு மணி நேரம் விவாதம் நடந்தது. பதினான்கு வருஷக் கந்தோர் ஞானம் முழுவதையும் திரட்டி விஸ்வலிங்கம் ஒரு தீர்மானத்தைத் தயாரித்தார். பசுபதி உள்வாசலுக்கு வந்து, பிள்ளையும் கையுமாக நின்ற குணவதியின் முன்னால் அதை உரக்க வாசித்தார்.

"'திருமதி குணவதி அம்மாள் இச்சங்கத்தின் அங்கத்தவர் அல்லர் என்பதாலும், ஸ்திரீகளைச் சேர்க்க இச்சங்கத்தில் விதியில்லை என்பதாலும், அன்னார் தம் கையால் செய்யும் எந்தக் கொலையும் இச்சங்கத்தையோ அதன் தலைவரையோ சாராது எனவும், அன்னார் நாளை விடியற்காலை முதல் தோட்டத்துக்குத் திரும்பலாம் எனவும் இதனால் தீர்மானிக்கப்படுகிறது.'"

குணவதி பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப பாவம் ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் அக்கா. அதிலை ஒரு குழப்பமும் இல்லை."

"காய் ஆருக்கு?"

பசுபதி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. "காய்... சங்கத்துக்கு. விருந்து வருகுதெல்லோ."

"பால் குடுக்கிற எனக்கு?"

"குணவதி," என்றார் விஸ்வலிங்கம் கதிரையிலிருந்து, மிகவும் பொறுமையாக, "அது நிகழ்ச்சி நிரலிலை இல்லை."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வந்திருந்த அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இந்த முப்பத்தொரு நாளும் நீங்கள் இரண்டு தரம் வாங்கித் திண்ட கறி, ஜரீனாக்காட தோட்டத்துக் காய். அந்தக் காயிலையும் நான்தான் புழுப் பிடிச்சனான். உங்கட தோட்டத்திலை இனி நான் கால் வைக்க மாட்டன். புழு இருக்கு, நீங்களும் இருக்கிறியள். ஆளை ஆள் பாத்துக்கொள்ளுங்கோ!"

சொல்லிவிட்டுப் பிள்ளையோடு கொல்லையில் இறங்கி, மூங்கில் இளகிய இடத்தால் நுழைந்து, அந்தப் பக்கம் போய்விட்டாள். இதை நடவடிக்கைப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்று பசுபதி கேட்டார். "எழுத வேண்டாம்," என்றார் தலைவர். "எழுதினால் அறிஞ்சவையாயிடுவம்."

வேலிக்கு அப்பாலிருந்து ஜரீனாவின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "வாங்க, வாங்க. பச்ச உடம்போட என்னா இப்படி விறுவிறுன்னு வர்றீங்க? சாப்டீங்களா?"

பட்டினி கிடந்த புழுக்களுக்காக எழுந்து நின்று கண்ணீர் விட்ட மகான்கள் இருபத்திரண்டு பேர். பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் அந்த ஒரு கேள்வியை இந்த முப்பத்தொரு நாளில் அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டவள் வீட்டு அடுப்பில் அன்று ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது.